பேட்டரியா, அறுவடையா? ஒரு நூற்பாலையின் 140 சென்சார்கள்

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் ஒரு நூற்பாலை. மோட்டார்களின் அதிர்வு, ஷெட்டுக்குள் காற்றின் ஈரப்பதம், ஒவ்வொரு மெஷினும் இழுக்கும் கரண்ட், இந்த மூன்றையும் புதிதாக வயர் இழுக்காமல் கண்காணிக்க வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். எண்ணிப் பார்த்ததில் 140 சென்சார்கள் வந்தன: அதிர்வுக்கு 60, ஈரப்பதத்துக்கு 40, கரண்டுக்கு 40. சென்சார்களின் செய்தியை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கேட்வேயை எங்கே மாட்டலாம் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன், ஷெட்டின் காற்றுக்கு ஈரம் ஊட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் உச்சியில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினார். "சென்சாரெல்லாம் சரிங்க சார். பேட்டரி தீந்துபோச்சுன்னா அதுக்கு மேல யாருங்க ஏறறது?"

அந்தக் கேள்வியில்தான் ஆற்றல் அறுவடை என்ற பேச்சே ஆரம்பமானது. சுற்றியிருக்கும் வெளிச்சம், அதிர்வு, சூடு, காந்தப்புலம், ரேடியோ அலை எதிலிருந்தாவது துளித்துளியாக மின்சாரம் எடுத்து, பேட்டரி மாற்றும் வேலையே இல்லாமல் சென்சாரை ஓட்டுவது. புதுப் பெயர் என்றாலும் விஷயம் நமக்குத் தெரிந்ததே. சைக்கிள் டயரில் உரசிக்கொண்டு ஓடிய டைனமோ, 6 வோல்ட்டில் 3 வாட் கொடுத்தது. அதை ஓட்டியவர்களுக்கு இந்தத் துறையின் மூன்று பாடங்களும் காலிலேயே பதிந்திருக்கும். டைனமோவைச் சாய்த்ததும் பெடல் கனக்கும், மேட்டில் வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும், நின்றால் அணையும். ஓசி மின்சாரம் என்று எதுவும் இல்லை, இருப்பதும் சீராக வராது, சேமித்து வைக்காவிட்டால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

முதலில் அளவுகோல்

எந்த அறுவடை முறையைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் ஒரு பேட்டரியை எடுத்து மேஜையில் வைப்பேன். லித்தியம் தயோனில் குளோரைடு, ஏ.ஏ. அளவு, 3.6 வோல்ட். வாட்டர் மீட்டர்களிலும் கேஸ் மீட்டர்களிலும் இருப்பது இதுதான். 2.4 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய 31,000 ஜூல். பத்து வருடத்துக்குப் பரப்பினால் சராசரி 100 மைக்ரோவாட். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சிறு உருளையை ஓர் அறுவடைக் கருவி ஜெயிக்க வேண்டுமானால், இருட்டிலும் மில் லீவிலும் சேர்த்து, சராசரியாக 100 மைக்ரோவாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அல்லது அந்த இடத்தில் பேட்டரி மாற்றுவது உண்மையிலேயே பெரும்பாடாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது செலவுக் கணக்கு. வரவைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ஈரப்பத சென்சார் சிக்கனமான பிள்ளை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, புளூடூத்தில் ஒரு சின்னச் செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். தூக்கத்தில் 2 மைக்ரோஆம்பியர், அதாவது 6 மைக்ரோவாட். விழிப்பதற்கான செலவையும் சேர்த்து 10 மைக்ரோவாட் என்று தாராளமாகவே வைக்கலாம். இதற்கு சி.ஆர். 2032 நாணய பேட்டரியே கணக்குப்படி ஏழு வருடம் வரும்.

அதிர்வு சென்சார் அப்படி இல்லை. மூன்று அச்சிலும் ஒரு விநாடி அளக்க 15 மில்லிஜூல், அந்த அலையைப் பிரித்து அலசும் கணக்குக்கு 10, சுருக்கத்தை அனுப்ப இன்னொரு 10 என்று ஒருமுறை விழித்தாலே 35 மில்லிஜூல் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் சராசரி 65 மைக்ரோவாட், அந்த ஏ.ஏ. பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே கைக்கு வரும் என்று வைத்தாலும் பன்னிரண்டு வருடம். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 590 மைக்ரோவாட். பதினாறு மாதத்தில் ஃபோர்மேன் ஃபேன் மேல் ஏற வேண்டும்.

இங்கே ஒரு சின்னச் சண்டை நடந்தது. மேனேஜருக்குத் திரையில் கோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டும் என்றார். பேரிங் கெடுவது நிமிடக் கணக்கில் நடப்பதில்லை, வாரக் கணக்கில் நடக்கிறது; பத்து நிமிடமே அதிகம் என்று நான் சொன்னேன். கடைசியில் பத்து நிமிடத்துக்கு ஒப்புக்கொண்டார். இந்த வேலை முழுவதிலும் அதிக ஆற்றலைச் சேமித்துக் கொடுத்தது அந்த அரைமணி நேரப் பேச்சுதான்.

ரேடியோவிலும் இதே கதை. லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறையில், குறைந்த தூரத்துக்கான எஸ்.எஃப். 7 அமைப்பில் ஒரு சின்னச் செய்தி 60 மில்லிவிநாடியில் முடிந்துவிடும், ஏழெட்டு மில்லிஜூல். அதே செய்தியை அதிக தூரத்துக்கான எஸ்.எஃப். 12-இல் அனுப்பினால் ஒன்றேகால், ஒன்றரை விநாடி இழுக்கும். செலவு இருபது மடங்குக்கு மேல். கேட்வேயை மூலையில் வைத்துவிட்டு சென்சாருக்கு அறுவடைக் கருவி தேடுவதைவிட, இன்னொரு கேட்வே வாங்கி ஷெட்டின் நடுவில் மாட்டுவது மலிவு.

வெளிச்சம்

திறந்தவெளி என்றால் விவாதமே இல்லை. கழிவுநீர்த் தொட்டியின் மட்டம் பார்க்கும் சென்சார் வெயிலில் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிவாட் கிடைக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேனல் போதும், மழைக்காலத்தையும் தாண்டிவிடும். அங்கே கவனிக்க வேண்டியவை காக்காய் எச்சமும், மூடிய பெட்டிக்குள் ஏறும் சூடும்தான். சாதாரண லித்தியம் அயான் செல் அந்தச் சூட்டில் சீக்கிரம் கிழடாகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் தாங்கும்.

ஷெட்டுக்குள் நிலைமை வேறு. வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் ஷெட்டின் வெளிச்சம் 200, 300. சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவாட் அளவுதான் தேறும். அதுவும் எந்த செல் என்பதைப் பொறுத்தது. தோட்ட விளக்குக்குப் போடும் படிகச் சிலிக்கான் துண்டை எல்.இ.டி. வெளிச்சத்தில் வைத்தால் ஏமாற்றிவிடும். அது அகச்சிவப்பையும் சேர்த்து உண்டு பழகியது, எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, மங்கிய வெளிச்சத்தில் அதன் உள்கசிவும் சேர்ந்துகொள்ளும். மளிகைக் கடைக் கால்குலேட்டரின் நெற்றியில் இருக்கும் பழுப்புப் பட்டை ஞாபகம் இருக்கிறதா? அது உருவற்ற சிலிக்கான். ஜப்பானில் சான்யோ 1980-இல் அதைத் தொழில்முறையில் தயாரிக்க ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் நம்பிப் பிழைக்கத் தெரிந்த வகை. வீட்டுக்குள், ஆபீசுக்குள், ஷெட்டுக்குள் என்றால் அதையே கேட்டு வாங்க வேண்டும். பெரோவ்ஸ்கைட், சாய செல் என்று இன்னும் திறமையானவை வந்துகொண்டிருக்கின்றன. இந்த மில்லின் சூட்டிலும் ஈரத்திலும் பல வருடம் நிற்கும் என்று கையெழுத்துப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

நூற்பாலைக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. மூன்று ஷிப்ட் ஓடுவதால் விளக்கு அணைவதே இல்லை. ஆபீசில் ஒரு நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம்தான் அறுவடை. இங்கே இருபத்து நாலும். பத்து சதுர சென்டிமீட்டர் பட்டைக்கு 50 மைக்ரோவாட், ஈரப்பத சென்சாருக்கு வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு. கெட்ட செய்தி, பஞ்சு. பஞ்சைச் சீவும் கார்டிங் பக்கம் எதையும் ஒரு வாரம் சும்மா வைத்துப் பாருங்கள், வெள்ளைப் பூனைக்குட்டி ஆகிவிடும். பட்டையைப் படுக்கை வாட்டில் வைத்தால் பஞ்சு போர்வை போர்த்திவிடும். செங்குத்தாக, விளக்கைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து, மேலே ஓடும் டிராவலிங் கிளீனரின் காற்று படும் இடமாகப் பார்த்து மாட்டினால் பாதி வெளிச்சமாவது நிலைக்கும். பாதியே போதும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள்: பஞ்சு துடைக்க ஒருவர் மாதம் ஒருமுறை போக வேண்டும் என்றால், ஏழு வருடத்துக்கு ஒருமுறை நாணய பேட்டரி மாற்றுவதைவிட அது எந்த விதத்தில் மேல்?

அதிர்வு

மில்லுக்குள் கால் வைத்ததும் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். தரையே நடுங்குகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதே, அந்த அழுத்த மின்விளைவை கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். அது ஒரு வழி. ஸ்பிரிங்கில் தொங்கும் காந்தம் சுருளுக்குள் ஆடுவது இன்னொரு வழி. மோட்டார்களுக்கு விற்கப்படுகிற கருவிகளில் இந்த இரண்டாவது வகை அதிகம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பிடிவாதம் உண்டு. ஊஞ்சலைப் போல, அதற்கென்று ஒரு தாளம். அந்தத் தாளத்தில் தள்ளினால்தான் ஆடும். நான்கு துருவ மோட்டார் லோடு இல்லாதபோது நிமிடத்துக்கு 1,490 சுற்று, முழு லோடில் 1,450 அளவு. ஹெர்ட்ஸில் பார்த்தால் முக்கால் ஹெர்ட்ஸ் கூட வித்தியாசம் இல்லை, ஆனால் கூர்மையாக டியூன் செய்த கருவிக்கு அதுவே அதிகம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டாருக்கு இது ஒத்தே வராது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமைப் பாருங்கள். காப் என்ற நூல் உருளையைக் கட்ட ஆரம்பிக்கும்போது ஸ்பிண்டில் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிக்கும்போது மறுபடி மெதுவாக ஓடும்படிதான் இன்றைய மெஷின்களில் வேகத்தை எழுதி வைக்கிறார்கள். நூல் அறுபடாமல் இருக்க அது வேண்டும். தாளம் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்க, நம் ஊஞ்சல் பெரும்பாலான நேரம் சும்மா தொங்கும். மில்லில் எண்ணிக்கையில் அதிகமான மெஷினுக்கே இந்த முறை உதவவில்லை என்றால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதி இன்னும் வேடிக்கை. நன்றாகப் பராமரித்த மோட்டாரின் அதிர்வு விநாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகம் அளவில் இருக்கும். 25 ஹெர்ட்ஸில், 50 கிராம் காந்தத்தை நல்ல ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, தாளமும் அச்சாகப் பொருந்தினால் காகிதக் கணக்கில் 100 மைக்ரோவாட் வரும். மின்சுற்றின் இழப்பு போகப் பாதி. அதே மோட்டாரின் பேரிங் கெட்டு, அதிர்வு 4.5 மில்லிமீட்டருக்குப் போனால் வரவு இருபது மடங்கு, ஏனென்றால் வரவு அதிர்வின் இருமடியில் ஏறுகிறது. சீக்காளி மோட்டார் சென்சாருக்கு விருந்து வைக்கும், நல்ல மோட்டார் பட்டினி போடும். ஃபிட்டர்கள் எவ்வளவு அக்கறையாக அலைன்மென்ட் பார்க்கிறார்களோ, அவ்வளவு குறைவாக சென்சார் பேசும்.

தாளம் மாறாத அதிர்வு ஒன்று உண்டு. மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் கேட்கும் அந்த "ம்ம்ம்" ரீங்காரம், மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு இரட்டிப்பாக 100 ஹெர்ட்ஸில் வருவது. லோடு ஏறினாலும் இறங்கினாலும் அது நகராது, அதனால் சிலர் அதற்கென்றே டியூன் செய்த கருவி விற்கிறார்கள். வாங்குமுன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அமெரிக்காவில் விநியோகம் 60 ஹெர்ட்ஸ், அங்கே விற்பது 120-க்கு டியூன் செய்தது. நம் ஊர் மோட்டாரில் மாட்டினால் அது அழகான இரும்புத் துண்டு.

இவ்வளவு திட்டிவிட்டு, இது ஜெயித்த இடத்தையும் சொல்ல வேண்டும்: ரயில். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த பெர்பெட்யூம் என்ற நிறுவனம் இங்கிலாந்தின் ரயில்களில் சக்கரப் பேரிங் பக்கத்தில் அதிர்வில் ஓடும் சென்சார்களை மாட்டியது. பிறகு ஹிட்டாச்சி ரயில் அதை வாங்கிக்கொண்டது. தண்டவாளத்தின் உதறல் மோட்டாரின் நடுக்கத்தைவிடப் பல மடங்கு, பரந்த தாளங்களில் வருவது, பெட்டிக்கு அடியில் பேட்டரி மாற்றுவதும் லேசான வேலை இல்லை.

சூடு

மோட்டார் உடல் 65 டிகிரி, ஷெட் 33. முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே என்று தோன்றும். சூட்டு வித்தியாசத்தை மின்சாரமாக்கும் வெப்பமின் தகட்டின் ஒரு பக்கம் மோட்டாரையும் மறுபக்கம் காற்றையும் தொட வேண்டும். காற்றுப் பக்கம் சூட்டை இறக்கிவிடத் தெரியாவிட்டால் தகட்டின் இரு முகமும் சேர்ந்து சுடும். உள்ளங்கை அளவு ஹீட் சிங்க் வைத்தாலும் தகட்டுக்குக் குறுக்கே உண்மையில் நிற்பது ஐந்து டிகிரி ஆகலாம். அறை வெப்பநிலையில் பத்து டிகிரி வித்தியாசத்துக்கு இயற்கை அனுமதிக்கும் உச்சவரம்பே மூன்று சதவீதத்தைச் சற்றுத் தாண்டுவது. பிஸ்மத் டெல்லூரைடு தகடு அதிலும் ஒரு சிறு பங்குதான் கொடுக்கும். அப்படியும் சில நூறு மைக்ரோவாட் எடுத்துவிடலாம், ஹீட் சிங்க் சுத்தமாக இருந்தால். நூற்பாலையில் ஹீட் சிங்கின் இடுக்குகளில் என்ன போய் அடையும் என்று சொல்லத் தேவையில்லை. மோட்டாரின் சொந்த ஃபின்களையே ஊதிச் சுத்தம் செய்து கட்டுப்படியாகவில்லை.

இது பொருந்தும் இடம் திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளின் நீராவிக் குழாய். 5 பார் அழுத்தத்தில் நீராவி 159 டிகிரி. அங்கே பஞ்சு இல்லை, வித்தியாசம் நூறு டிகிரிக்கு மேல், வரவு மில்லிவாட்டில். குழாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப் ஒழுகுகிறதா என்று பார்க்கும் சென்சாருக்கு இதைவிட நல்ல ஊற்று கிடையாது. சூட்டுக்குப் பக்கத்தில் பேட்டரியும் சீக்கிரம் செத்துப்போகும். 1998-இல் செய்கோ தெர்மிக் என்று மணிக்கட்டுச் சூட்டில் ஓடும் கைக்கடிகாரம் ஒன்று வந்தது. நம் ஊர் மே மாதத்தில் கையும் காற்றும் ஒரே சூட்டில் இருக்கும்போது அது என்ன செய்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

கேபிள்

அறுவடை என்றதும் யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு மட்டும் இதுதான் முதலில் ஞாபகம் வரும். மோட்டாருக்குப் போகும் கேபிளைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தப்புலம் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிளவு வளையத்தைக் கவ்விவிட்டால் அது சின்ன கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சி.டி.). 45 கிலோவாட் மோட்டார் ஏறக்குறைய 80 ஆம்பியர் இழுக்கும், 7.5 கிலோவாட் ஃபேன் கூட 14, 15 இழுக்கும். சில ஆம்பியர் ஓடினாலே சில மில்லிவாட் எடுத்துவிடலாம். நாம் மைக்ரோவாட்டுக்கு அலைந்துகொண்டிருந்த இடத்தில் ஆயிரம் மடங்குப் பேச்சு இது.

கரண்ட் அளக்கும் சென்சாருக்கு இது இயல்பாகவே அமைகிறது. எதை அளக்கிறதோ அதையே உண்கிறது. மோட்டார் ஓடினால் வரவும் உண்டு, அளக்க விஷயமும் உண்டு. நின்றால் இரண்டும் இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை என்ன, பத்து விநாடிக்கு ஒருமுறையே அனுப்பலாம். மேனேஜர் கேட்ட ஓடும் கோட்டை இதில் கொடுத்துவிட்டேன்.

செய்யக்கூடாதவை நான்கு உண்டு. மூன்று கட்டமும் (ஃபேஸ்) ஒன்றாகப் போகும் கேபிளின் மேல் கவ்வக்கூடாது. மூன்றும் ஒன்றையொன்று சமன் செய்து வளையத்துக்குப் பூஜ்யம் மிச்சமாகும். மின் பேனலுக்குள் பிரிந்து போகும் ஒரே ஒரு கட்டத்தில் மாட்ட வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முன்னால் மாட்டுவது நல்லது. பின்னால் வருவது அதிர்வெண் மாறும், இரைச்சல் நிறைந்த மின்சாரம். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் முதல் விநாடிகளில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்கும் தடுப்புச் சுற்று உள்ளே இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. சி.டி.யின் செகண்டரியைத் திறந்து வைத்தால் ஆபத்தான வோல்டேஜ் எழும் என்பது எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும். மலிவுக் கருவியில் அந்தப் பாதுகாப்பும் மலிவாகத்தான் இருக்கும்.

குறை ஒன்றுதான்: ஊற்று இருப்பது பேனலில், அதிர்வு அளக்க வேண்டியது பேரிங்கில்.

காற்றில் மிதக்கும் அலைகள்

டவர் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, அந்த அலைகளை உறிஞ்சலாமே என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். சுற்றுப்புறத்தில் தானாகக் கிடைப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவாட்டுக்கும் வெகு கீழே. நாமே ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்து 866 மெகாஹெர்ட்ஸில் ஒரு வாட் வீசினால், ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் எளிய ஆன்டெனாவுக்கு 30 மைக்ரோவாட் போய்ச் சேரும், மின்சாரமாக மாற்றுவதில் பாதி கரையும். பத்து மீட்டரில் அதில் கால் பங்கு. இரும்பு மெஷின்கள் வரிசை கட்டி நிற்கும் ஷெட்டில் இந்தக் கணக்கும் நிற்காது.

இந்த முறைக்கு ஏற்ற வேலை, பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி விழித்துப் பெயர் சொல்வது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் கட்டாயமான ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ரீடர் வீசும் அலையையே உண்டு பதில் சொல்கிறது. இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1945-இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகக் கொடுத்த மரச் சின்னத்துக்குள் சோவியத் பொறியாளர் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்புக் கருவி இருந்தது. பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. வெளியிலிருந்து அலை வீசினால் மட்டும் உயிர் பெறும். 1952 வரை அகப்படவே இல்லை.

அழுத்தும் சுவிட்சைப் பற்றியும் ஒரு வரி. விரலால் அழுத்தும் விசையில் 200 மைக்ரோஜூல் எடுத்து அதிலேயே செய்தி அனுப்பும் சுவிட்சுகளை 2001-இல் சீமென்ஸிலிருந்து பிரிந்த என்ஓஷன் பரப்பியது. அருமையான பொருள், வயர் இழுக்க முடியாத பழைய கட்டடங்களுக்கு ஏற்றது. ஐரோப்பியப் பதிப்பு பேசுவது 868.3 மெகாஹெர்ட்ஸில், இந்தியாவில் உரிமம் இல்லாமல் பேச அனுமதித்தது 865 முதல் 868 வரை. 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத் பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். இந்த மில்லில் ஆள் வந்து அழுத்த வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் இதை விட்டுவிட்டேன்.

டைனமோ நின்றால்

அறுவடை எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு சேமிப்பு வேண்டும். வழக்கமாக சூப்பர் கெபாசிட்டர். ஒரு ஃபாரட், 4.5 வோல்ட்டிலிருந்து 2.5-க்கு இறங்கினால் 7 ஜூல் கிடைக்கும். தீபாவளிக்கு மில் ஐந்து நாள் மூடினால் விளக்கு அணையும். ஈரப்பத சென்சாருக்கு அந்த ஐந்து நாளைக்கு வேண்டியது 4.3 ஜூல்தான். போதும் என்று தோன்றும். ஆனால் கெபாசிட்டரே சில மைக்ரோஆம்பியர் கசியும். அந்தக் கசிவு சென்சாரின் செலவுக்குச் சமமாகக் கூட இருக்கும். நான்காம் நாள் இருட்டில் எல்லாம் அணைந்துவிடும்.

அணைவதில் தவறில்லை. மறுபடி எழுவதில்தான் சங்கடம். வேறொரு இடத்தில் நான் இதை அனுபவித்திருக்கிறேன். லீவு முடிந்து திங்கட்கிழமை காலை விளக்கு போட்டதும் சென்சார்கள் உடனே எழவில்லை. காலி கெபாசிட்டர் நிரம்ப மணிக்கணக்கில் ஆனது. அதற்குள் சர்வர் ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அபாயச் செய்தி அனுப்பி முடித்திருந்தது. அங்கிருந்தவர்கள் எச்சரிக்கை வந்தால் திரையைத் திருப்பி வைக்கப் பழகிக்கொண்டார்கள். சூட்டில் கெபாசிட்டரின் ஆயுளும் கரையும்; ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதி என்பது நடைமுறைக் கணக்கு. பேட்டரியைத் தவிர்க்கப் போய், பேட்டரி அளவுக்கே ஆயுள் உள்ள இன்னொரு பொருளை உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியின் பாவங்களையும் மறைக்கவில்லை. லித்தியம் தயோனில் குளோரைடு மாதக்கணக்கில் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் கட்டிக்கொள்ளும். முதல் முறை ரேடியோ இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து சென்சார் ரீசெட் ஆகும். இணையாக ஒரு கெபாசிட்டர் போட்ட வடிவமைப்பா என்று பார்த்து வாங்க வேண்டும். மோட்டார் உடலின் 65 டிகிரியில் அது தானே வடியும் வேகமும் கூடும், அதனால் பன்னிரண்டு வருடக் கணக்கை நான் ஆறாகத்தான் எழுதினேன். நாணய பேட்டரியை அந்தச் சூட்டில் வைக்கவே வேண்டாம். தீர்ந்த பேட்டரியைக் குப்பையில் போட முடியாது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு, கொள்முதல் ஆணையிலேயே அதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன்.

எழுதிக் கொடுத்தது

கரண்ட் சென்சார் 40-க்கும் கேபிள் அறுவடை. இதில் யோசிக்கவே இல்லை. ஈரப்பத சென்சார் 40-இல் கார்டிங்கிலும், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும் இருக்கும் பன்னிரண்டுக்கு நாணய பேட்டரி. நூலைக் கோன்களில் சுற்றும் ஆட்டோகோனர், பேக்கிங் பக்கம் பஞ்சு குறைவு, வெளிச்சமும் நல்லது, அங்கே 28 சென்சாருக்கு உருவற்ற சிலிக்கான் பட்டை. உண்மையைச் சொன்னால் அந்த 28-க்கும் பேட்டரியே போட்டிருக்கலாம். செலவு வித்தியாசம் பெரிதாக இல்லாததாலும், முதலாளிக்கு வருகிறவர்களிடம் காட்ட ஏதாவது வேண்டும் என்பதாலும் விட்டுக்கொடுத்தேன். அதிர்வு சென்சார் 60-இல் 59-க்கு ஏ.ஏ. லித்தியம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. மிச்சம் ஒன்று, இன்வெர்ட்டர் இல்லாமல் ஒரே வேகத்தில் ஓடும் பழைய கம்ப்ரசர். அதில் மட்டும் ஓர் அதிர்வு அறுவடைக் கருவியைச் சோதனைக்கு மாட்டினோம். ஃபிட்டர்கள் அந்தக் கம்ப்ரசரின் அலைன்மென்ட்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நானும், சரிசெய்துவிடக் கூடாதே என்று கருவி விற்றவரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

ஃபேன் மட்டும் பாக்கி. அதன் மோட்டார் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, அதிர்வு ஒத்துவராது. உயரத்தில் வெளிச்சம் இல்லை. கேபிள் ஊற்று கீழே பேனலில். அதிர்வு உணரியை மட்டும் பேரிங் பக்கத்தில் ஒட்டி, அதிலிருந்து நான்கு மீட்டர் வயரைச் சுவரோடு இறக்கி, பேட்டரியும் ரேடியோவும் இருக்கும் பெட்டியை ஆள் உயரத்தில் மாட்டச் சொன்னேன். நான்கு மீட்டருக்கு இரைச்சல் புகாத டிஜிட்டல் வயர் வகையாகப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வயர் வேண்டாம் என்று ஆரம்பித்த வேலையில் இந்த ஒன்றுக்கு மட்டும் வயர் போட்டோம். ஃபோர்மேன் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து மூடியின் மேல் தேதியை எழுதினார்.